அலையின் அளவும் தடையின் அளவும்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுத்த அறையில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அவர்களைப் பார்க்க முடியவில்லை. பேச்சு மட்டும் காதில் விழுகிறது. ஒலியும் அலை, ஒளியும் அலை என்றுதானே படித்தோம்? பிறகு ஏன் ஒன்று மட்டும் மூலை திரும்பி வருகிறது, மற்றொன்று வருவதில்லை?

ஒரு குழந்தை இதைக் கேட்டால் "அது அப்படித்தான்" என்று தட்டிக்கழித்துவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குரிய விடை, வானத்தின் நீலத்துக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவுக்கும் இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிக்கும் பொருந்தக்கூடியது. இயற்பியலில் இவ்வளவு எளிமையாகச் சொல்லி இவ்வளவு தூரம் போகக்கூடிய கருத்துகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

குளத்து நீரில் நட்டிருக்கும் ஒரு மெல்லிய கழியைப் பாருங்கள். பெரிய அலை ஒன்று வந்தால் கழியைப் பொருட்படுத்தாமல் கடந்து போய்விடும். கழிக்கு அப்பாலும் அலை அலையாகவே இருக்கும். அதே அலை நீளமான ஒரு சுவரில் மோதினால் திரும்பிவிடுகிறது. சுவருக்குப் பின்னால் நீர் அசையாமல் கிடக்கிறது. அலை ஒன்றுதான். வேறுபடுவது தடையின் அளவு. ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். அலைநீளத்தையும் எதிரே உள்ள பொருளின் அளவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அங்கே என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 100 முறை அதிரும் கனத்த குரலின் அலைநீளம் 3.4 மீட்டர், 1000 முறை அதிரும் ஒலிக்கு 34 சென்டிமீட்டர். கதவின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அலையும் திறப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், வாசலைத் தாண்டிய ஒலி விசிறிபோல விரிந்து மூலைக்கும் பரவுகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த வாசலில் ஒளி அலைகள் இருபது இலட்சம் வரிசையாக நிற்கலாம். ஒளியைப் பொறுத்தவரை அது பரந்த வெளி. வளைய வேண்டிய தேவையே இல்லாமல் நேராகப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூலைக்கு அப்பாலிருந்து வரும் பேச்சு கேட்கும், ஆனால் சொற்கள் சரியாகப் புரியாது. உயிரெழுத்துகளின் ஒலி நீண்ட அலைகளில் வருகிறது. "ச", "ஸ" போன்ற சீறும் ஒலிகள் நொடிக்கு 4000 முறைக்கு மேல் அதிர்பவை. அவற்றின் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அவை அவ்வளவாக வளைவதில்லை. குரல் வந்துசேர்கிறது, சொல்லின் விளிம்புகள் வழியிலேயே தங்கிவிடுகின்றன.

இனி மைக்ரோவேவ் அடுப்பு. அதன் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னத் துளைகள் கொண்ட உலோகத் தகடு இருக்கிறது. உள்ளே இருப்பது நமக்குத் தெரிகிறது, ஆனால் உணவைச் சூடாக்கும் அலைகள் வெளியே வருவதில்லை. அந்த அலைகள் நொடிக்கு 245 கோடி முறை அதிர்கின்றன. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். துளைகளின் விட்டம் ஓரிரு மில்லிமீட்டர். அலை உலோகத்தில் படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் அசைந்து, வந்த அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் துளை மிகச் சிறியது என்பதால், துளையே இல்லாத தகட்டைப் போலத்தான் அது அலையிடம் நடந்துகொள்கிறது. ஒளிக்கு அதே துளை அகன்ற வாசல். கதவு நசுங்கியோ சரியாக மூடாமலோ இருந்தால் அடுப்பை இயக்கவே கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுதான்: விளிம்பில் விழும் நீண்ட இடுக்கு, சிறிய துளையைப் போலல்லாமல், அலையை வெளியே விட்டுவிடக்கூடும்.

நீர் மூலக்கூறின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போவதால்தான் இந்த அலை உணவைச் சூடாக்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்பப் பார்க்கிறது, பக்கத்திலிருப்பவற்றோடு மோதுகிறது, அந்த மோதல்தான் வெப்பம். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் அது மெதுவாகவே சூடாகிறது. உறைந்த உணவை இளக்கும்போது அடுப்பு விட்டுவிட்டு இயங்குவது அதனால்தான். உள்ளே எதிரொலித்து நிற்கும் அலைகளில் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டருக்கு ஓரிடம் அதிகம் சூடாகும். தட்டு சுழல்வது அதைச் சரிக்கட்டத்தான்.

இப்போது வானத்துக்கு வருவோம். காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. குளத்தில் நின்ற கழியைவிட மோசமான நிலை. ஆனாலும் ஒளி அவற்றை முழுக்கப் புறக்கணித்துவிடுவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் மிகச் சிறிதளவு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. அப்படிச் சிதறும் அளவு அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1871-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். நீல ஒளியின் அலைநீளம் 450 நானோமீட்டர், சிவப்புக்கு 650 என்று கொண்டால், நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு வருவது அந்தச் சிதறிய நீலம். ஊதாவின் அலை இன்னும் சிறியதாயிற்றே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணும் ஊதாவை மங்கலாகவே உணர்கிறது.

சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியெங்கும் சிதறித் தீர்ந்துபோய், எஞ்சிய சிவப்பு நம்மிடம் வருகிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, குவளையின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நீர் இலேசான நீலம். எதிர்ப்பக்கத்தில் நின்று, குவளையின் வழியே டார்ச்சைப் பார்த்தால் அது மஞ்சளாகத் தெரியும். ஒவ்வொரு சொட்டாகப் பாலைச் சேர்த்துக்கொண்டே போனால் மஞ்சள், செம்மஞ்சளாக மாறும். பாலை அதிகம் ஊற்றிவிட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடும், பொறுமை வேண்டும்.

கடலின் நீலம், வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே கருதினார். 1921-இல் மத்தியதரைக் கடல் வழியாகக் கப்பலில் வந்த சர் சி.வி. ராமன், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு பட்டகத்தால் விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்தத் தேடல்தான் 1928-இல் ராமன் விளைவாகவும் 1930-இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்கும் கடலின் நிறத்தில் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

மேகத்தின் நீர்த்துளிகள் ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியவை. அவற்றுக்கு நீலம், சிவப்பு என்ற பேதம் கிடையாது. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் மேகம் வெள்ளை. மூடுபனியும் அப்படித்தான். சிவப்பு விளக்கு மூடுபனியை ஊடுருவித் தெரியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காற்று மூலக்கூறுகளின் விதியைக் கொண்டுவந்து பெரிய துளிகளின்மேல் பொருத்துவதால் வந்த தவறு அது. சாலையில் உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அடர்ந்த மூடுபனியில் எந்த நிறத்துக்கும் தனிச் சலுகை இல்லை. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

செவ்வாய்க் கோளில் நிலைமை தலைகீழ். அங்கே பகல் வானம் பழுப்பு மஞ்சள். மறையும் சூரியனைச் சுற்றி நீலம். 2015-இல் கியூரியாசிட்டி ஊர்தி அதைப் படம் எடுத்து அனுப்பியது. அங்குள்ள தூசியின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டியே இருப்பதால், அது நீலத்தைப் பக்கவாட்டில் வீசாமல் முன்னோக்கியே அதிகம் அனுப்புகிறது.

கடைசியாக, வானொலி. மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 மீட்டர். பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3 மீட்டர். மார்க்கோனி 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய சமிக்ஞையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் பெற்றதாக அறிவித்தபோது, உருண்டையான பூமியைச் சுற்றி அலை எப்படி வளைந்தது என்று பலரும் திகைத்தார்கள். அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேற்றம் கொண்ட அடுக்கு வானில் இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே கென்னலி, ஹெவிசைடு என்ற இரு அறிவியலாளர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் நிறுவினார்.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரியக் கதிர்கள் ஒரு கீழடுக்கை உண்டாக்குகின்றன. மத்திய அலை மேலே ஏறும்போதே அது விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அதற்கு மேல் உள்ள அடுக்குகள் இரவிலும் நிற்கின்றன. அவை அலையை வளைத்துப் பூமிக்கே அனுப்ப, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையம் கேட்கிறது. பண்பலையின் குறுகிய அலைகளோ பெரும்பாலும் எந்த அடுக்கிலும் நிற்காமல் விண்வெளிக்குப் போய்விடுகின்றன.

இன்றிரவு மத்திய அலைக்கு வானொலியைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. விளக்கையும் செல்பேசி சார்ஜரையும் அணைத்துவிடுங்கள். அவற்றின் இரைச்சல் மத்திய அலையில் தாராளமாகப் புகும். பெட்டியினுள் இருக்கும் ஆண்டெனா ஒரு கரிய ஃபெரைட் தண்டு. அதன் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாக வாங்கும், முனையை நோக்கி வரும் அலையை வாங்காது. ஆகவே மங்கலாக ஒரு நிலையம் கிடைத்தால், பெட்டியை மெதுவாகக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள். ஒலி வலுக்கும்.

நன்றி, வணக்கம்.