ரத்தம் கொடுத்தவளுக்குப் பதில் சொல்லுங்கள்

(பல்கலைக்கழக மகளிர் நல ஆய்வகத்தின் மாணவ ஆய்வாளர் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, இந்த ஆய்வகத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துவரும் துறைத்தலைவர் அம்மா அவர்களே, அரசு மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் மகப்பேறு மருத்துவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் தோழிகளே, ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார்களே, எல்லாருக்கும் மேலாக இன்றைய விழாவுக்கு உரியவர்களான மாணவ ஆய்வாளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

துணைவேந்தர் அவர்களுக்கு இன்று வேறு இரண்டு கூட்டங்கள் இருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவளைச் சிறப்புரைக்கு அழைக்கலாம் என்று முடிவெடுத்த துறைத்தலைவர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் ஆய்வகத்துக்கு ஏதாவது வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்படியே செய்துவிட்டதாகப் பதிவாளர் அவர்கள் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி. காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, எல்லாருக்கும் தேநீர் கொடுத்த தம்பிமார்களின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்களைப் பேசுவதற்காகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, ஆராய்ச்சி மாணவிகளின் உதவித்தொகை. இரண்டு, இரவு நெடுநேரம் ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்களின் பாதுகாப்பு. மூன்று, ரத்தம் கொடுத்த பெண்ணுக்கு அதன் முடிவு போய்ச் சேர்வது.

காலையில் ஆய்வகத்துக்குள் போய்ப் பார்த்தேன். முதுநிலை படிக்கும் ஒரு பெண் 96 குழிகள் கொண்ட தட்டு ஒன்றில் பிப்பெட்டால் திரவம் விட்டுக்கொண்டிருந்தாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு விட்டாள். என்ன பரிசோதனை என்று கேட்டேன். ஃபெரிட்டின் என்றாள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது அது. முதலில் நீலம் வருகிறது. அமிலம் விட்டதும் மஞ்சளாகிறது. மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் சேமிப்பு இருக்கிறது, வெளுத்திருந்தால் தீர்ந்துவிட்டது. ஓர் ஆளுக்கு இரண்டு குழி. தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் வெளுத்துக் கிடந்தது.

பக்கத்தில் ஊதா மூடி போட்ட ரத்த மாதிரிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் மேலும் பெயர் இல்லை, எண்தான். பெயரை மறைப்பது ரத்தம் கொடுத்த பெண்ணின் நன்மைக்காக. அது சரியான ஏற்பாடு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எந்த எண் எந்தப் பெண்ணுடையது என்று எழுதிய பதிவேடு ஒன்று எங்காவது ஓர் அலமாரியில் பூட்டியிருக்குமே, அதை யாராவது மறுபடி திறக்கிறார்களா? இதைக் கேட்கத்தான் நான் இங்கே வந்தேன். முதல் இரண்டு விஷயங்களை அப்புறம் பார்க்கலாம், நேரம் இருந்தால்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இத்தனை மருத்துவக் கல்லூரிகளும் இத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கிற மாநிலத்தில் இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல்! இந்த எண்ணை எழுதாத ஆய்வேடு இல்லை. அந்த 53.4-க்குள் தானும் ஒருத்தி என்று தெரியாமலே எத்தனை பெண்கள் வெயிலில் மண் சுமக்கிறார்கள்? எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்றும் ஆயிரமாயிரம் பிரசவம் பார்க்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட்டைக் கொடுத்தால் இந்த நோயாளிகள் தேறுகிறார்கள் என்று அதே ஆண்டில் எழுதினார். அதற்குள் இருந்த பொருளைத்தான் பின்னால் 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று கர்ப்பிணிக்கு நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கூடவே இருக்கிறதே, அதுதான். அந்த அம்மையார் ஆராய்ச்சி செய்ததும் மருந்து கொடுத்ததும் ஒரே கட்டிலில். ரத்தம் கொடுத்தவளே முதலில் பிழைத்தாள்.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குழு அக்காமார்களுக்கு இது தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஊர் பேரும் வேண்டாம், வந்த நிறுவனத்தின் பேரும் வேண்டாம். ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அங்கன்வாடியில் மேசை போட்டார்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்ததால் பெண்கள் காலை ஆறு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேன் வந்தது எட்டரைக்கு. ஒரு பாட்டி, ரத்தம் எடுத்தால் ஆயுசு குறையுமா என்று கேட்டுக்கொண்டே வரிசையில் நின்றது. ஒரு சின்னப் பெண் ஊசியைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கோயில் மண்டபத்தில் ஒளிந்துகொண்டாள். நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் நாற்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா. கண்ணாடி வளையலை மேலே ஏற்றிவிட்டு இடது கையை நீட்டினாள். எடுத்து முடித்ததும், "முடிவு எப்ப தெரியும் தம்பி?" என்று கேட்டாள். "சொல்லி அனுப்புறோம்மா" என்றார் அந்தத் தம்பி. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். வேன் போய்விட்டது.

அடுத்த வருஷம் இன்னொரு குழு. அதே அங்கன்வாடி, அதே மேசை. நானும் அங்கே நின்றேன். அந்த அம்மா வந்தாள். முகம் வெளிறி, கால் வீங்கி, அந்த ஒன்றரைப் படி உயரத்தில் ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றாள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டி, "போன வருஷம் இந்தக் கையில எடுத்தாக. அதுக்கே இன்னும் பதில் வரல" என்றாள். அப்புறம் வலது கையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நர்சம்மா, இந்தக் கைக்கு நீங்க பதில் வாங்கித் தருவீகளா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாளே விசாரிக்கத் தொடங்கினேன். முதல் குழுவில் யார் பொறுப்பு என்று தேடிப் பிடித்து, போன் போட்டு, கடிதம் எழுதி, கடைசியில் ஒருவர் கோப்பைப் புரட்டிச் சொன்னார். அந்த அம்மாவின் ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், 8-க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. 6.8 என்ற எண் ஒரு வருஷமாக ஒரு கணினியில் பத்திரமாக இருந்திருக்கிறது. கட்டுரைகூட எழுதி வெளியிட்டுவிட்டார்களாம். அந்த வருஷம் முழுக்க அவள் தலையில் மண் சட்டி. தாலுகா மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் கொட்டித் தீர்த்திருக்கிறது. ரத்தம் ஏற்றி, அப்புறம் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு அந்த எண்ணை முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருஷத் துன்பம் மிச்சம். ஏட்டுச் சுரைக்காய் என்று அப்பத்தா சொன்னதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-க்குப் பிறகு நடந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வை மருத்துவர்கள் அறிவார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்த இடம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். முடிவை அங்கேயே சொன்னார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே உறைய வைக்கும் சிகிச்சை கொடுக்க முன்வந்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி அது. செய்தவர்கள் நம் செவிலியர்கள். படுத்த பெண் எழுந்திருக்கும்போதே பதிலோடு எழுந்தாள்.

ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஆய்வின் பலன் அவர்களுக்கும் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் சொல்கின்றன. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எல்லா முடிவையும் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. மரபணு வரிசை, இன்னும் பொருள் தெளியாத அளவுகள் இவற்றையெல்லாம் கையில் கொடுத்து ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்க வேண்டாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் என்று பார்த்த உடனே ஒரு மருத்துவர் ஏதாவது செய்யக்கூடியவை இருக்கின்றனவே, அவற்றைத்தான் கேட்கிறேன்.

அரைப் பக்கத் தாள் போதும். எதைப் பார்த்தோம், உங்கள் அளவு என்ன, இருக்க வேண்டிய அளவு என்ன, எங்கே போக வேண்டும். பெரிய எழுத்தில், தமிழில். ரத்தம் எடுத்த பதினைந்து நாளுக்குள் அவள் கையில் அது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போன அளவு என்றால் தாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அந்தப் பகுதிச் செவிலியருக்குப் போன் போக வேண்டும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் நம் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். தாளை அவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், நான் பேசிவிட்டேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் விளக்குவது என்று கேட்பீர்கள். மாணவ ஆய்வாளர்களே, நீங்கள்தான். தட்டில் வெளுத்த குழியைப் பார்த்தவளே அந்தப் பெண்ணின் வாசலுக்கும் போகட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாக ஒட்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். முத்துலட்சுமி அம்மையார் 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு உட்காரவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கும் வரை ஓயவில்லை. ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிக் காட்டியவர் அவர்.

உதவித்தொகை பற்றிப் பேச நேரம் இல்லாமல் போய்விட்டது. தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது கிடைக்காத பிள்ளைகள் பேருந்துக் கட்டணத்துக்கே திண்டாடுகிறார்கள். பதிவாளர் அவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இரவுப் பாதுகாப்பு பற்றித் துறைத்தலைவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இனி இந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு எந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்தாலும், முடிவுத் தாள் எப்படிக் கொடுக்கப்படும் என்ற பக்கம் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அலமாரியில் இருக்கும் பழைய பதிவேடுகளையும் திறந்து, 8-க்குக் கீழே இருந்தவர்களை மட்டுமாவது தேடிப் பிடிக்க வேண்டும்.

மாதிரித் தாள் அச்சடித்துக் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். குழு அக்காமார்கள் ஏற்கெனவே படித்து நான்கைந்து வார்த்தைகளை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். நீங்களும் எடுத்துப் படியுங்கள். புரியாத வரி எதுவாக இருந்தாலும் அடிக்கோடிட்டு, போவதற்கு முன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.