மாத்திரை வேண்டாம், நடை போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் நடக்கிறவர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு: "டாக்டர், உடற்பயிற்சி செய்தால் ஃப்ரீ ரேடிக்கல் கூடுமாமே? ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?"

கூடும் என்பது உண்மை. தசை உழைக்கும்போது ஆக்ஸிஜனில் ஒரு சிறு பங்கு, செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. இவைதான் ஃப்ரீ ரேடிக்கல்கள்; இவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்பு சமாளிக்க முடியாத அளவுக்கு இவை பெருகினால் அதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். 1982இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் எலிகளைக் களைத்து ஓயும்வரை ஓடவிட்டார்கள். அவற்றின் தசையிலும் ஈரலிலும் ஃப்ரீ ரேடிக்கல்கள் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தன.

மிதமான பயிற்சியில் கதை வேறு. அங்கே எழும் கொஞ்சம் ரேடிக்கல்கள் செல்லை உசுப்பிவிடுகின்றன. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற காப்பு நொதிகளைச் செல் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேலையைப் பாருங்கள். கேட்டலேஸ் என்று இன்னொரு நொதி; அதன் ஒரே ஒரு மூலக்கூறு செல்லுக்குக் கேடு செய்யும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மூலக்கூறுகளை நொடிக்குப் பல லட்சம் சிதைத்துவிடும். எந்த மாத்திரைக்கு இந்தச் சக்தி உண்டு?

ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, அதோடு வைட்டமின் இ. முடிவு என்ன தெரியுமா? மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, காப்பு நொதிகளும் கூடின. மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ரேடிக்கலை மாத்திரை முன்கூட்டியே அடக்கிவிட்டதால் செல்லுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. சர்க்கரை நோய் வந்துவிடுமோ என்று பயந்து நடக்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெல்லிக்காய், கொய்யா, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் சொல்வது அதிக அளவு மாத்திரைகளைப் பற்றித்தான்.

மிதம் என்றால் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் முழுதும் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சிரைக்க ஓடுவதைவிட, தினமும் அரை மணி நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். குறைபாட்டுக்காக அவர் எழுதிக் கொடுத்த வைட்டமினையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.