முளைக்கும், மணி வைக்காது: ஓட்ஸும் நம் சீதோஷ்ணமும்

(மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துக் கோவில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அக்காமார், தம்பிமாருக்கும் வணக்கம். சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் மிரட்டியதிலிருந்து நம் வீடுகளில் காலைப் பசியாறலுக்கு ஓட்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. "செம்பனை இவ்வளவு செழிப்பா வர்ற மண்ணுல இது வராதா?" என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டார். விதைத்தால் வரும். ஆனால் மணி பிடிக்காது.

மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய மண்ணைக் கோதுமையைவிட ஓட்ஸ் நன்றாகவே தாங்கும். வெயிலில் கருகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. சூடு அதைக் கொல்வதைவிட அவசரப்படுத்துகிறது, அதுதான் விஷயம். ஓட்ஸ் குளிருக்குப் பழகிய புல். மண் 5 டிகிரி இருந்தாலே முளைவிடும், 15 முதல் 20 டிகிரிக்குள் நிதானமாக வளரும். அந்தக் குளிரில் தூர் கட்டவும் நாள் கிடைக்கும், பால் பிடித்து முற்றவும் நாள் கிடைக்கும். சூடு ஏற ஏற ஒவ்வொரு பருவமும் சுருங்கும். மணி நிறையும் முன்பே இலை பழுத்துவிடும். அறுத்துப் பார்த்தால் உமிதான் அதிகம்.

கதிரை நெருங்கிப் பார்த்தால் இன்னும் புரியும். நெல்லைப் போலவே கிளைகிளையாகப் பிரிந்து தொங்கும். கதிர் உருவாகும் சமயத்தில் சூடோ வறட்சியோ தாக்கினால், அடிக்கிளைகளில் இருக்கும் மணிக்கூடுகள் உள்ளே ஒன்றுமில்லாமல் வெள்ளைச் சருகாக நிற்கும். நம் ஊரில் இரவுகூட 23, 24 டிகிரி. பகலில் இலை சேர்த்ததில் ஒரு பங்கை இராத்திரி மூச்சுவிட்டே தீர்த்துவிடும்.

தண்ணீரும் கோதுமை, பார்லியைவிட அதிகம் கேட்கும். வெயில் ஏறினால் மரத்தில் நீர் இறங்கிப் பால் ஓட்டம் குறையும் என்று பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் அதே கதைதான். சரி, நமக்குத்தான் மழைக்குப் பஞ்சமில்லையே என்றால், ஈரத்தோடு துரு நோய் வந்து நிற்கும். 20, 25 டிகிரி சூடும் இரவெல்லாம் இலையில் பனியும் இருந்தால் போதும், இலை முழுக்க ஆரஞ்சுப் பொடி. அப்புறம் யூரியாவை அள்ளிக் கொட்டினால் தண்டு நீண்டு, ஒரு காற்று மழைக்கே சாய்ந்து படுத்துவிடும்.

"அப்போ கேமரன் மலை?" என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். சுமார் 1,500 மீட்டர் உயரம், சராசரி 18 டிகிரி. குளிர் பொருந்துகிறது. பகல் பொருந்தவில்லை. ஓட்ஸுக்குப் பூக்கச் சொல்லும் அடையாளம் நீண்ட பகல்தான். கனடாவின் சஸ்காச்சுவானில் ஜூன் மாதம் 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். இங்கே ஜூனுக்கும் டிசம்பருக்கும் சுமார் அரை மணி நேரம்தான் வித்தியாசம். மலை ஏறினாலும் அது மாறாது. அதனால் கதிர் வருவது தள்ளிப்போகும், பயிர் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். தப்பித்தவறிக் கதிர் வந்தாலும் அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும்.

ஆனால் இலைதான் வேண்டுமென்றால் அது குறையே இல்லை. பஞ்சாபில் குளிர்காலத்தில் மாட்டுத் தீவனத்துக்கென்றே ஓட்ஸ் விதைக்கிறார்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாம். டின்னில் இருப்பதை மட்டும் விதைக்காதீர்கள். அது ஆவியில் வேகவைத்து நசுக்கியது, முளைக்காது. உமியோடு இருக்கும் விதையாகக் கேட்டு வாங்குங்கள்.