சரக்கு சைக்கிளும் 1,850 ரூபாய் ஸ்டாண்டும்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ஸ்டாண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மோட்டார், பேட்டரி என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முதலில் என் எரிச்சல் அடங்கட்டும்.

கோவையிலேயே செய்த மின்சாரச் சரக்கு சைக்கிள் வாங்கியதைப் போன வீடியோவில் பார்த்தீர்கள். பின்னால் நீளக் கேரியர், அதன்மேல் நம் இட்லி மாவு டப்பாக்கள். அறுபது கிலோவை ஏற்றி ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்தினால் நிற்குமா? மண் தரையில் கால் புதைகிறது, வண்டி சாய்கிறது, கடைக்காரர் டப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறார். இரட்டைக்கால் ஸ்டாண்டுக்குத் தனி விலையாம். 1,850 ரூபாய்! சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த வண்டிக்கு ஸ்டாண்டு கூடுதல் சாமானா? செருப்பை விற்றுவிட்டு வாருக்குத் தனியாகக் காசு கேட்பதுபோல் இருக்கிறது.

கொடுப்பேனா? கணபதி ஏரியாவில் தெரிந்த வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணன் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாதாரண இரும்புக் குழாய்தானே" என்றார். இரண்டு கால், நடுவில் குறுக்குக் கம்பி, அடியில் தட்டைப் பட்டைகள், முறுக்கான ஸ்பிரிங். 600 ரூபாயில் முடிந்தது, டீயும் அவர் கணக்கு! இதோ, தள்ளுகிறேன்... அசைகிறதா? இன்னும் பலமாக... ம்ஹூம்!

உள்ளூர்த் தயாரிப்பை நான் தூக்கிப் பிடிப்பது இதற்காகத்தான். அலுமினியச் சட்டமாக இருந்தால் எல்லாப் பட்டறையிலும் பற்றவைக்க முடியாது. அட, சொல்ல மறந்துவிட்டேன்: வெல்டு வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி 48 வோல்ட், 30 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 1,440 வாட்-அவர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் முழுதாக ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பெட்ரோல் செலவு மிச்சம், விடிகாலையில் தெருவை எழுப்புவதும் இல்லை. ஆனாலும் என் எக்ஸ்எல் மொபெட்டை விற்கமாட்டேன், விலை கேட்காதீர்கள்.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், சோதனை நிறுவனத்தின் சான்றும் உண்டு. அதனால் பதிவும் லைசென்ஸும் வேண்டியதில்லை. இன்னொரு கடையில் ஒருவர், "ஒரு வயரைப் பிரித்துவிட்டால் நாற்பதில் பறக்கும்" என்று கண்ணடித்தார். இந்த வியாபாரம் எனக்கு அறவே ஆகாது. வேகத்தைக் கூட்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். நம்பர் பிளேட்டும் காப்பீடும் இல்லாமல் நடுரோட்டில் மாட்டப்போவது மாவுக்காரன், கண்ணடித்தவர் அல்ல.

ஏற்றத்தில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முழுப் பாரத்தோடு பாலம் ஏறும்போது மிதித்தே ஆகவேண்டும், மோட்டார் தனியாக இழுக்காது. ஸ்டாண்டின் அளவுகளைக் கீழே எழுதிவைக்கிறேன், உங்கள் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள்.