இடைவெளி என்று எழுதப்படும் ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

1842-ஆம் ஆண்டு. லண்டன் அரண்மனைக்கு வந்திருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் முன்னால், அவருடைய பாடல் தொகுதியில் தனக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டை விக்டோரியா மகாராணியே பாடிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த ஃபெலிக்ஸுக்கு உண்மையைச் சொல்லவேண்டிய நிலை. அந்தப் பாட்டு அவருடையது இல்லை. அவருடைய அக்கா ஃபானி எழுதியது. தம்பி பெயரில் அச்சாகியிருந்தது.

ஃபானிக்கு 14 வயதிலேயே அப்பாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ஃபெலிக்ஸுக்கு இசை தொழிலாக அமையலாம், உனக்கு அது ஓர் அணிகலனாக மட்டுமே இருக்கும் என்று எழுதியிருந்தார். அப்புறம் கல்யாணம், ஒரு மகன், வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள். இதற்கெல்லாம் நடுவில் 400-க்கு மேற்பட்ட படைப்புகள். சொந்தப் பெயரில் முதல் தொகுதியை வெளியிட்டபோது அவருக்கு வயது 40. அடுத்த ஆண்டு மே மாதம், கச்சேரிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த நாளில் பக்கவாதம் தாக்கி இறந்துபோனார்.

பெண் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கும்போது அடிக்கடி ஒரு வரி கண்ணில் படும். 'திருமணத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் இடைவெளி, பின்னர் மீண்டும் கலையுலகுக்குத் திரும்பினார்.' அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அந்த ஆண்டுகளில் அவர் என்ன பார்த்தார், எதை யோசித்தார், கைக்கு என்ன கிடைத்தது, எந்த நேரத்தில் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பின்னால் வந்த படைப்பின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா 1926-இல் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறிய விவசாயிகள். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அப்போது ரூத்துக்கு 16 வயது. அந்த முகாமில் அடைபட்டிருந்த, டிஸ்னி நிறுவனத்தில் வேலைபார்த்த ஓவியர்கள் அவருக்கு வரையக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஆசிரியராக வேண்டும் என்று கல்லூரிக்குப் போனார். பயிற்சிக்கு ஒரு பள்ளியில் இடம் கிடைத்தால்தான் பட்டம். இவருடைய வம்சாவளியைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டது. அந்தக் கதவு மூடியதால்தான் 1946-இல் பிளாக் மவுன்டன் என்ற கலைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு மெக்ஸிகோவில், கூடை பின்னுகிறவர்களிடம் கம்பியை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னும் முறையைக் கற்றுக்கொண்டார்.

1950-களில் அவருக்கு ஆறு பிள்ளைகள். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய மிகச் சிறந்த சிற்பங்கள் பிறந்தன. கூரையிலிருந்து தொங்கும், ஒன்றுக்குள் ஒன்றாக உருவங்கள் அடங்கிய, காற்றும் வெளிச்சமும் ஊடுருவிப்போகும் கம்பிச் சிற்பங்கள். பிள்ளைகள் சுற்றிலும் உட்கார்ந்திருக்க அவர் தரையில் அமர்ந்து வேலை செய்யும் புகைப்படங்கள் உண்டு. கம்பி வேலையின் இயல்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பளிங்கைப் போல் தூசி பறக்காது, எண்ணெய் வண்ணத்தைப் போல் நாற்றம் வராது, பாதியில் விட்டால் கெட்டுப்போகாது. குழந்தை அழுதால் எழுந்து போகலாம், திரும்பி வந்து விட்ட வளையத்திலிருந்து தொடரலாம். அம்மாவாக இருந்ததால் அவர் கலை சுருங்கிப்போனது என்று யாராவது சொன்னால் அந்தச் சிற்பங்களின் கீழே போய் நின்று பார்க்கச் சொல்வேன். அந்த வாழ்க்கைக்குள் நின்று செய்யக்கூடிய ஒரு வடிவத்தை அவர் தேர்ந்து, அதை யாரும் கொண்டுபோகாத இடத்துக்குக் கொண்டுபோனார். அன்றைய விமர்சகர்கள் சிலர் அதைக் கைவினை என்று ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கலில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவருடைய கவனம் பள்ளிகளின் பக்கம் திரும்பியது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பள்ளியில் பெற்றோர்களையும் கலைஞர்களையும் சேர்த்துக் கலைப் பட்டறை தொடங்கினார். ஆசிரியராக விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயரைத்தான் 2010-இல் அந்த நகரத்தின் அரசுக் கலைப்பள்ளிக்கு வைத்தார்கள்.

அதற்காக எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவரவில்லை. நான் ஓவியம் கற்றுக்கொடுக்கிறவள். 40 வயதுக்கு மேல் வகுப்புக்கு வருகிற பெண்கள் பலர் வாசலிலேயே, "முன்னால நல்லா வரைவேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அவர்கள் இழந்தது உண்மையான இழப்புதான். பயிற்சி போனால் கை இறுகும். கூடப் படித்தவர்கள் மூன்று கண்காட்சி தாண்டியிருப்பார்கள், தொடர்புகள் அறுந்திருக்கும். 'அனுபவம் சேர்ந்திருக்கிறதே' என்று ஆறுதல் சொல்லி அதை மூடிவிடக் கூடாது. ஆனால் முதல் மாதம் தாண்டியதும் இன்னொன்றையும் பார்க்கிறேன். இருபது வயதில் அழகாக வரையவேண்டும் என்று வரைந்தவர்கள், இப்போது தங்களுக்கு முக்கியமானதைத் தேடி வரைகிறார்கள். தூங்கும் முதியவரின் கை எப்படி மடிந்திருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். எந்த வகுப்பிலும் நான் அதைக் கற்றுக்கொடுத்துவிட முடியாது.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் முதல் நாவலை 1970-இல் வெளியிட்டபோது அவருக்கு 39 வயது. மணமுறிவுக்குப் பிறகு இரண்டு மகன்களைத் தனியே வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் எடிட்டர் வேலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழும் முன்பு விடியலில் எழுதினார். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அந்த விடியல் பழக்கம் அவரை விடவில்லை. தாய்மைதான் தன் வாழ்க்கையில் தனக்கு மிகப் பெரிய விடுதலையாக இருந்தது என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னார். மற்றவர்கள் தன்மீது சுமத்திய பல எதிர்பார்ப்புகளைப் பிள்ளைகள் கேட்கவே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் கருத்தை எல்லா அம்மாக்களும் ஏற்கமாட்டார்கள். ஒருவருக்குச் சிறையாக இருப்பது இன்னொருவருக்குக் கதவாகிறது. அதனால்தான் பொதுவான தீர்ப்பு எதுவும் இங்கே செல்லாது.

நம்முடைய வை.மு. கோதைநாயகி அம்மாளையும் நினைத்துப் பார்க்கலாம். ஐந்து வயதிலேயே திருமணம். கதை சொல்லத் தெரிந்தது, எழுதத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக்கொடுத்தார், முதல் நாடகம் அப்படி உருவாயிற்று. பிறகு தானே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அந்தத் தோழியின் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த எழுத்தாளர் இல்லை. படைப்பாளியைப் பற்றிப் பேசும்போது, அவருக்குப் படைப்பதற்கான நேரத்தை யார் கொடுத்தார்கள் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாற்றத்தால் பெண்களின் குரல் தடிக்கும், உச்ச ஸ்தாயி எட்டாமல் போகலாம். பாடகிகள் சுருதியைக் குறைத்துக்கொண்டு, வேறு விதமாகப் பாட்டைக் கட்டுகிறார்கள். நடனக் கலைஞர்களுக்கு இது இன்னும் கடுமை. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 70 வயதைத் தாண்டியும் ஆடினார். மேடையை விடவேண்டி வந்ததும் மனம் உடைந்து நோயில் விழுந்தார். ஆடுகிறவள் என்பதைத் தவிர வேறு யாராகவும் தன்னை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு எழுந்து வந்து, 1991-இல் 96 வயதில் இறக்கும்வரை மற்றவர்களுக்காக நடனங்களை அமைத்தார்.

கியூபாவில் பிறந்த ஓவியர் கார்மென் ஹெரேராவின் முதல் ஓவியம் விற்றது அவருடைய 89-ஆவது வயதில். இதை எல்லாரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தொனி பிடிப்பதில்லை. அவர் 89 வயதில் வரையத் தொடங்கவில்லை. அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாக விடாமல் வரைந்துகொண்டேதான் இருந்தார். தாமதமாக வந்தது வாங்கியவர்கள்.

இந்தத் தாமதத்துக்கு விதிமுறைகளும் காரணம். பிரிட்டனின் டர்னர் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இலிருந்து 50 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2017-இல் அந்த வரம்பை எடுத்தார்கள். அதே ஆண்டில் பரிசு பெற்றவர் லுபைனா ஹிமிட், வயது 63. அவர் புதிதாகத் தோன்றியவர் இல்லை, 1980-களிலிருந்து வேலை செய்துவந்தவர். நம் நாட்டிலும் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். இளையவர்களை ஊக்கப்படுத்துவது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 45 வயதில் முதல் புத்தகம் எழுதுகிற பெண்ணும் எழுத்தில் இளையவர்தான்.

அறிவியல் துறையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கு, வயதைப் பார்க்காமல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. விண்ணப்பிப்பவர் தாயாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூடுதல் அவகாசம். கலை, இலக்கியப் பரிசுகளை நடத்துகிறவர்கள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பில் வயது வரம்பு என்ற வரியை எடுத்துவிட்டு, முதல் படைப்பு வெளிவந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேளுங்கள். அந்த ஆண்டுகளில் குழந்தைக்கோ, நோயில் கிடந்தவருக்கோ போன காலத்தைக் கழித்துக்கொள்ள ஒரு கட்டமும் படிவத்தில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.