ஏழு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபிராங்க் காப்ரா 1937-இல் எடுத்த 'லாஸ்ட் ஹொரைஸன்' படத்தை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். திருவல்லிக்கேணி வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பெரியப்பா கதை சொல்வார். பனிக் காட்சிகளை லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குள் எடுத்தார்களாம். நடிகர்கள் பேசும்போது வாயிலிருந்து நிஜமாகவே ஆவி வரவேண்டுமே! "நம்ம ஐஸ் ஹவுஸ் மாதிரியா பெரியப்பா?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த, எங்கள் பக்கத்துக் கட்டடம் அது.

கதை இதுதான். பனிமலைகளுக்கு நடுவே ஷாங்ரி-லா என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே முதுமை எட்டிப் பார்க்கவே தயங்கும். இளம்பெண்ணாகத் தெரியும் மரியா அங்கிருந்து கிளம்புகிறாள். பனியில் துவண்டுபோனவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு கட்டத்தில் முகத்தைப் பார்த்தால், தோல் சுருங்கி, கன்னம் ஒட்டி, கிழவி!

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி உடம்புக்குள் போய்விடும். சித்தர்களின் காயகல்பமும் அப்படித்தான். எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும். ஷாங்ரி-லாவின் இளமையோ அந்த மண்ணோடு சரி, எல்லை தாண்டினால் போச்சு. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

அப்புறம், அந்தப் படத்துக்கே வயதாகிவிட்டது. மறுவெளியீடுகளில் வெட்டினார்கள். மூல நெகட்டிவும் கெட்டுப்போயிற்று. 1973-இல் தொடங்கி, பல நாடுகளில் தேடித் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். 132 நிமிட ஒலியும் முழுசாகக் கிடைத்தது. படத்தில் மட்டும் சுமார் 7 நிமிடம் கிடைக்கவில்லை. அந்த இடங்களில் புகைப்படங்களை வைத்தார்கள். திரையில் முகம் அசையாமல் நிற்கிறது, குரல் மட்டும் பேசிக்கொண்டே போகிறது. பல வருடம் கழித்து அதைப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

நமக்கு அந்தக் குரல்கூட மிஞ்சவில்லை. 1931-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம். டி.பி. ராஜலட்சுமி அதில் பாடினார், ஆடினார். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை.

அதனால் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ படச்சுருள் டப்பாவோ இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு துணியால் தூசியைத் துடைத்து, என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வணக்கம்.