ஒரு கெரிஸ், மூன்று ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தென்கிழக்காசியாவின் பழைய ஆயுதங்களில் உலகமறிந்தது கெரிஸ் என்னும் குத்துவாள். 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தோனேசியக் கெரிஸை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுகளின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் இந்தோனேசியா என்ற ஒரே சொல்லில் இதன் பிறப்பிடத்தை அடக்கிவிட முடியாது. ஜாவா, பாலி, மதுரா, சுமத்ரா, சுலாவேசி, மலாய்த் தீபகற்பம், தாய்லாந்தின் தென்கோடியில் உள்ள பட்டாணி, பிலிப்பைன்ஸின் மிண்டனாவ், சூலு என ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு வடிவத்தை வளர்த்துக்கொண்டது.

கெரிஸைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் பிடியில்தான் விழுகிறது. மத்திய ஜாவாவின் பிடி ஒல்லியானது. சற்றே வளைந்து, இரண்டே சிறு செதுக்குகளோடு நின்றுவிடும். பாலியிலோ அரக்கர், தெய்வ உருவங்கள் பிடியாகின்றன. செல்வர் வீட்டுக் கெரிஸாயின் பொன்னும் மணிகளும் சேரும். சுலாவேசியின் பூகிஸ் மக்களின் பிடி, பறவைத் தலையைப்போல ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்கும். பட்டாணிப் பகுதியின் பிடியில் மீன்கொத்தியினுடையதைப் போன்ற நீண்ட மூக்கு துருத்தி நிற்பதால், ஒருமுறை கண்டவர் அதை மறக்க மாட்டார்.

பிடியைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும் இந்தத் தெளிவே ஆளை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. அலகு எனப்படும் இரும்புத் தகட்டின் அடியிலிருந்து நீளும் மெல்லிய கம்பியைத் துணியோ பிசினோ சுற்றிப் பிடிக்குள் செருகுவதே பொதுவான வழக்கம். ஆகவே பிடியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிது. மர உறையும் காலப்போக்கில் வெடிக்கும், தொலையும். புதிய உரிமையாளர் தம் ஊர் வழக்கப்படி வேறோர் உறை செய்துகொள்வார். திருமணச் சீராகவும், அரசர் பரிசாகவும், வணிகப் பொருளாகவும் தீவுவிட்டுத் தீவு சென்ற ஒரு கெரிஸில் ஜாவா அலகும், பூகிஸ் பிடியும், சுமத்ரா உறையும் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. அது போலியுமன்று. விற்பனையாளர்கள் இதைச் சொல்லத் தயங்குவதுதான் சிக்கல்.

எனவே பிடி, உறை, அலகு மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அவற்றுள் அலகுக்கே முதன்மை தர வேண்டும். ஜாவாவில் ஆர்சனிக் சேர்ந்த பாஷாணத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் பூசி அலகைக் கறுக்கச் செய்வர்; இரும்பு கருமையாகி, நிக்கல் கலந்த அடுக்குகள் வெள்ளிக் கோடுகளாக எழும். பாமோர் எனப்படும் அந்தக் கோலத்தின் மேற்பரப்பு விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகவே படும். பாலியின் அலகு பெரும்பாலும் நீளமும் எடையும் மிக்கது. மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்த்திருப்பர். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: மேற்பூச்சு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம், அளவும் உடற்கட்டும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அலகின் வளைவுகளை எண்ணுவோர் பலர் உண்டு. மரபுப்படி அவை எங்கும் ஒற்றைப்படையாகவே அமையும் என்பதால், ஊரைக் கண்டறிய அந்த எண்ணிக்கை உதவாது.

மிண்டனாவ், சூலு கெரிஸ் குத்துவாளாக நில்லாமல், வெட்டவும் பயன்படும் இருபுறக் கூர்வாளாகவே வளர்ந்தது. அலகின் அடியில் குறுக்கே அமையும் கங்யா என்ற பகுதி பழைய வாள்களில் தனித்துண்டு. இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பலவற்றில் அது வெறும் கீறிய கோடாக எஞ்சுகிறது. ஊரோடு காலத்தையும் சேர்த்துச் சொல்லும் இத்தகைய அடையாளங்கள் அரியவை.

உருவம் மட்டும் போதாத இடத்தில் ஏடுகள் துணைக்கு வரும். 1830-இல் டச்சுக்காரர் சிறைப்பிடித்த ஜாவா இளவரசர் திபோனகோரோவின் கெரிஸ் என்று நம்பப்படும் ஒன்று, நெதர்லாந்திலிருந்து 2020 மார்ச்சில் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. அருங்காட்சியகச் சேமிப்பிலிருந்த பல கெரிஸ்களுக்கிடையே அதைப் பிரித்தறிய, பழைய கடிதங்களும் ஓவியர் ராடன் சாலே எழுதிய குறிப்பும் தேவைப்பட்டன. அலகின் வடிவம், அக்குறிப்பு அந்தக் கெரிஸுக்குத் தரும் பெயரோடு பொருந்துகிறதா என்று கெரிஸ் அறிஞர்கள் சிலர் அதன் பின்னரும் வாதிட்டனர்.